கருவிழிப் புண்ணும் மண் தந்த மருந்தும்

சம்பா அறுவடை நடைபெறும் தை, மாசி மாதங்களில் நம் கிராமங்களில் கண்ணில் காயம்படுவோர் தொகை மிகுகின்றது. கதிர் அறுக்கும்போது தாளின் நுனி குத்துவதும், களத்தில் கதிரடிக்கும்போதும் தூற்றும்போதும் நெல்லின் சுணையோ உமியோ கண்ணில் விழுவதும் அன்றாட நிகழ்ச்சிகள். இவற்றை ஒருவரும் பெரிதாக எண்ணுவதில்லை. கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்கின்றனர். பெரும்பாலோர்க்கு அது தானே ஆறியும் விடுகின்றது. ஆறாமற்போகும் சிலருடைய கண்ணில் கருவிழிப் புண் தோன்றுகிறது. அவருள் பலர்க்குக் கண்ணில் பூ விழுந்து பார்வை மறைகின்றது. இந்நோயைப் பற்றியும், இயற்கைப் பொருள்களிலிருந்து இதற்குக் கிடைத்துள்ள மருந்துகளைப் பற்றியும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சில உண்டு.

இதனை எழுதத் தூண்டியது ஒரு கிராம சபைக் கூட்டம். ஜனவரி 26-ஆம் நாள் நடைபெற்ற அக்கூட்டத்தில் சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவை பற்றிப் பேசி முடித்தபின், அவ்வூரில் அதற்கு முந்தைய அறுவடையின்போது கண்ணிழந்த ஓர் அம்மையாரின் செய்தியை நான் எடுத்துக் கூறினேன். அவர் அறுவடைக் கூலிக்குச் செல்பவர். வயது முப்பத்தைந்திற்கு மேலிராது. களத்தில் அவருடைய இடக்கண்ணில் உமி விழுந்தது. உடன் வேலை செய்த பெண் அதனை நாக்கினால் எடுத்துவிட்டாள். மாலையில் வீட்டார் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கித் தாய்ப்பாலுடன் கலந்து பிழிந்துவிட்டனர். நான்காம் நாள் கண் சிவந்து நீர் வடியவே, மருந்துக் கடையில் சொட்டு மருந்து ஒன்றை வாங்கி ஊற்றினர். சிவப்பும் வலியும் தணிந்தன. குணமாயிற்று என்று கருதி அவர் மேலும் மூன்று நாள் வேலைக்குச் சென்றார். பத்தாம் நாள் கருவிழியின் நடுவே பச்சரிசி அளவில் வெண்மையாக ஒன்று தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அதைக் கண்டதும் அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே புண்ணைச் சுரண்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, உள்ளே பூசணம் வேரோடியிருப்பது புலனாயிற்று. இரண்டு மாதச் சிகிச்சைக்குப் பின் கண் உருவில் தப்பியது, பார்வை தப்பவில்லை. இப்பொழுது அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும், முன்னே அசையும் கையின் நிழலுமே தெரியும்.

இதை நான் கூறி முடித்ததும் முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, பூவும் தாய்ப்பாலும் இயற்கைப் பொருள்கள். எங்கள் பாட்டன் காலத்திலிருந்து விட்டுவருகிறோம். கடையில் வாங்கியதுதான் இரசாயனம். அப்படியிருக்க, பூச்சாறு கண்ணைக் கெடுத்தது என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்டார். சிலர் சிரித்தனர். ஆனால் அது சிரித்துத் தள்ளத்தக்க கேள்வி அன்று. நான் வைத்தியன் அல்லன். அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் டாக்டர்களைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை அப்பெரியவர்க்கும் அவரைப் போன்று எண்ணும் மற்றவர்க்கும் இங்கே தெரிவிக்கின்றேன்.

கருவிழியின் அமைப்பு

நாம் கருவிழி என்று சொல்லும் பகுதியின் மேல் கடிகாரக் கண்ணாடிபோல் தெளிந்த படலம் ஒன்று மூடியிருக்கின்றது. இதை டாக்டர்கள் கார்னியா என்பர். இதன் கனம் நடுவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். காற்றிலிருந்தும் கண்ணீரிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்துமே இது தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்கிறது. இதன் மேற்றோல் ஐந்து முதல் ஏழு அடுக்கு உயிரணுக்களால் ஆகியது. அது கிழியாமல் இருக்குமளவும் கிருமிகளில் மிகப் பல உள்ளே நுழைய இயலாது. சிறு கீறல் பட்டால் பக்கத்து அணுக்கள் நகர்ந்து வந்து ஓரிரு நாளில் அவ்விடத்தை மூடிவிடும்.

மூடுவதற்கு முன் கிருமி புகுந்துவிட்டால் நிலைமை வேறு. இரத்தக் குழாய் இல்லாத இடமாதலின், உடலைக் காக்கும் வெள்ளணுக்கள் அங்கே வந்து சேரத் தாமதமாகின்றது. வந்து சேர்ந்தபின் நடக்கும் போரிலும், கிருமி உமிழும் நஞ்சோடு நம் அணுக்கள் உமிழும் பொருள்களும் சேர்ந்து படலத்தையே கரைக்கின்றன. புண் ஆறினாலும் அந்த இடத்தில் பழைய தெளிவு திரும்புவதில்லை. தோலில் தழும்பு விழுவது போலவே இங்கும் வெண்தழும்பு விழுகின்றது. நாம் பூ விழுந்தது என்று சொல்வது இதைத்தான். கருவிழியின் ஓரத்தில் விழுந்தால் பார்வைக்குக் குறைவில்லை. நடுவில் விழுந்தால் சன்னல் கண்ணாடியின் நடுவே சுண்ணாம்பு பூசியது போலாகும்.

வயலில் வாழும் பகை

1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழியின் நடுவில் புண்ணுடன் வந்த 434 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தனர். அவருள் ஏறத்தாழ மூவரில் இருவர்க்குக் கண்ணில் முன்னர் காயம் பட்டிருந்தது. புண்ணிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்ததில் 297 பேரிடம் கிருமி கிடைத்தது. அவற்றுள் 140 பேர்க்குப் பாக்டீரியா. 139 பேர்க்குப் பூசணம். குளிர்நாடுகளில் பூசணத்தால் வரும் கருவிழிப் புண் மிகக் குறைவு. வெப்பமும் ஈரமும் பயிர்த்தொழிலும் ஒருங்கே அமைந்த நம் பகுதியில் அது பாக்டீரியாவுக்குச் சமமாக நிற்கின்றது.

அப்பூசணங்களில் முதலிடம் பெறுவது பியூசேரியம். இந்தப் பெயர் வாழை பயிரிடுவோர்க்குப் புதிதன்று. வாழையை அழிக்கும் வாடல் நோய்க்குக் காரணம் இதே இனத்தைச் சேர்ந்த ஒரு பூசணந்தான். அடுத்தது ஆஸ்பர்ஜில்லஸ். ஈரம் காயாத நிலக்கடலையின்மேல் பச்சையாகப் படர்வது இவ்வினத்தைச் சார்ந்தது. இவை மண்ணிலும் வைக்கோலிலும் சருகிலும் எப்பொழுதும் இருப்பவை. கண்ணைத் தேடி வருபவை அல்ல. உமியும் சுணையும் கீறும்போது அவற்றின் மீது ஏறி உள்ளே போய்விடுகின்றன. ஆகவே கரும்புச் சோகை கிழித்தாலும், சீமைக்கருவேல முள் பட்டாலும், பால் கறக்கும்போது மாட்டின் வால் வீசிக் கண்ணில் அடித்தாலும் நெல்லுமிக்கு உள்ள அபாயம் அவற்றிற்கும் உண்டு.

பாக்டீரியாப் புண் ஓரிரு நாளிலேயே கடும் வலியுடன் வெளிப்பட்டுவிடும். பூசணம் மெதுவாக வேலை செய்வது. காயம் பட்டுச் சில நாள் கழித்தும், சிலர்க்கு ஒரு வாரத்திற்கு மேலாகியும் அறிகுறி தெரியவரும். அதற்குள் உமி விழுந்த செய்தியே பலர்க்கு மறந்துபோகின்றது. "எதுவும் விழவில்லையே, சூட்டினால் சிவந்திருக்கிறது" என்று சொல்லி எண்ணெய் தேய்த்து முழுகுவோரையும் நான் கண்டிருக்கின்றேன்.

மருந்து பிறந்த இடம்

பெரியவரின் கேள்விக்கு இனி வருகின்றேன். இயற்கைப் பொருளில் கருவிழிப் புண்ணுக்கு மருந்து உண்டா என்றால், உண்டு. மிகச் சிறந்த மருந்தே இயற்கைப் பொருள்தான். ஆனால் அது பூவிலோ தழையிலோ பிறந்ததன்று, மண்ணில் பிறந்தது.

கோடை முடிந்து முதல் மழை பெய்யும்போது நிலத்திலிருந்து ஒரு மணம் எழுவதை உழவர் யாவரும் அறிவர். அம்மணத்தில் பெரும்பங்கு, மண்ணில் வாழும் ஸ்டிரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு பொருளினுடையது. இந்நுண்ணுயிர்கள் ஒரு பிடி மண்ணில் எண்ணற்ற பூசணங்களோடும் பாக்டீரியாக்களோடும் நெருங்கி வாழ்பவை. இடத்திற்கும் இரைக்கும் போட்டி கடுமையான அவ்விடத்தில் இவை சுரக்கும் சில பொருள்கள் மற்றக் கிருமிகளை ஒடுக்குகின்றன. இந்த நூற்றாண்டில் நாம் உட்கொள்ளும் கிருமிக்கொல்லி மருந்துகள் பல, சென்ற நூற்றாண்டின் நடுவில் இவ்வாறு மண்ணிலிருந்து கண்டெடுக்கப்பட்டவையே.

தென்னமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டுக் காரகாஸ் நகரை அடுத்த வயல் மண்ணிலிருந்த ஒரு ஸ்டிரெப்டோமைசிஸ் வகையிலிருந்து கிடைத்த குளோராம்பெனிகால் என்னும் மருந்து 1947-இல் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துப் பால்பண்ணை ஒன்றின் மண்ணிலிருந்து எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் கண்டறிந்த நிஸ்டாட்டின் 1950-இல் வெளிவந்தது. மனிதர்க்குத் தீங்கின்றிக் கொடுக்கத்தக்க முதல் பூசணக்கொல்லி அதுவே. வெனிசுவேலாவின் ஓரினோக்கோ ஆற்றுப் பகுதி மண் ஆம்போடெரிசின் பி என்பதைத் தந்தது. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் மாகாணத்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரை நெதர்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் வளர்த்து, 1955-இல் நாட்டமைசின் என்னும் பொருளைப் பிரித்தனர். அந்த நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் ஆயிரக்கணக்கானோர் கூலிகளாகச் சென்றது யாவரும் அறிந்ததே. அம்மாகாணத்து மண் தந்த இந்த நாட்டமைசின்தான் இன்று நம் வயற்காட்டுப் பூசணப் புண்ணுக்கு முதன்மையான மருந்து.

இது வேலை செய்யும் விதமும் வியப்பிற்குரியது. பூசணத்தின் உயிரணுவைச் சூழ்ந்த மெல்லிய உறையில் எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் உண்டு. நம் உயிரணுவின் உறையில் அது இல்லை, கொலஸ்டிராலே உண்டு. நாட்டமைசின் எர்கோஸ்டிராலை நாடிப் பற்றிக்கொள்கிறது. அதனால் பூசணம் தனக்கு வேண்டிய சத்துகளை உறையின் வழியே உள்ளிழுக்க மாட்டாமல் ஒடுங்குகிறது. நம் கண்ணின் அணுக்களில் அதற்குப் பற்றுக்கோடு இல்லாமையால் அவை பெரிதும் தப்புகின்றன. பயிரைத் தொடாமல் களையை மட்டும் கொல்லும் மருந்தைத் தெளிப்பவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இதற்குக் குறையும் உண்டு. நாட்டமைசின் நீரில் கரைவதில்லை. கருவிழியினுள் ஆழமாக ஊடுருவுவதும் இல்லை. ஆதலின்தான் புண் மேலாக இருக்கும்போதே மருந்தைத் தொடங்க வேண்டும் என்று டாக்டர்கள் வற்புறுத்துகின்றனர். பத்தாம் நாள் போனால், மருந்து எட்டாத ஆழத்திற்குப் பூசணம் இறங்கிவிட்டிருக்கும்.

பிற்காலத்தில், மனிதன் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய வோரிகோனசோல் என்னும் மருந்து வந்தது. அது கண்ணினுள் நன்றாக ஊடுருவும். ஆகவே அதுவே மேலானதாயிருக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். 2010, 2011-ஆம் ஆண்டுகளில் மதுரை முதலிய இடங்களிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனைகளில், அமெரிக்க டாக்டர்களும் சேர்ந்து நடத்திய சோதனையில், பூசணப் புண் கண்ட 323 பேரை இரு பகுதியாக்கி ஒரு பகுதியார்க்கு நாட்டமைசினும் மறுபகுதியார்க்கு வோரிகோனசோலும் கொடுத்தனர். இன்னார்க்கு இன்ன மருந்து என்பது நோயாளிக்கும் தெரியாது; பார்வையை அளப்பவர்க்கும் தெரியாது. 2013-இல் முடிவு வெளியாயிற்று. நாட்டமைசின் பெற்றவர்க்கே பார்வை கூடுதலாகத் திரும்பியது; கருவிழி துளைபட்டோரும் அவருள் குறைவு. பியூசேரியம் கண்டவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால், டாக்டர் சுவரில் மாட்டிவைக்கும் எழுத்து அட்டையில் ஏறக்குறைய நான்கு வரி அதிகமாகப் படிக்க முடிந்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டமைசினை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

இதைக் கொண்டு இயற்கையே எங்கும் வெல்லும் என்று முடிவு கட்டலாகாது. பாக்டீரியாப் புண்ணுக்கு இன்று பெரிதும் வழங்கும் மாக்ஸிஃப்ளாக்ஸசின் போன்றவை முழுவதும் செயற்கை மருந்துகளே. நன்றாக வேலையும் செய்கின்றன. மருந்து எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், அது எவ்வாறு பிரித்து, அளந்து, சோதிக்கப்பட்டது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

பூச்சாறு ஏன் மருந்தாகாது?

நேட்டால் மண்ணில் நாட்டமைசின் பிறந்தது என்பதற்காக அந்த மண்ணைக் குழைத்து எவரும் கண்ணில் அப்புவதில்லை. அம்மண்ணில் மருந்து சுரக்கும் நுண்ணுயிரும் இருந்தது, கண்ணைக் கெடுக்கும் பூசணமும் இருந்திருக்கும். ஒன்றைப் பிரித்து மற்றதை நீக்கி, நூற்றுக்கு 5 பங்கு என்று அளவு வகுத்து, கண்ணீரின் தன்மைக்கு ஒத்த நீரில் கலந்து, கிருமி ஒன்றும் இல்லாமல் குப்பியில் அடைத்த பிறகே அது கண்ணுக்குரியதாயிற்று. பூச்சாற்றிற்கு இவற்றுள் ஒன்றும் நடப்பதில்லை. தோட்டத்துச் செடியின் இதழிலும் இலையிலும் பூசண வித்துகள் இயல்பாகவே படிந்திருக்கின்றன. கையாலோ அம்மியிலோ நசுக்கிப் பிழியும்போது அவையும் சாற்றோடு கலக்கின்றன. உமி திறந்துவிட்ட வாசலில் இரண்டாம் முறையும் நாமே விதைக்கின்றோம்.

தாய்ப்பால் குழந்தைக்கு அமுதம் என்பதில் ஐயமில்லை. கீறல்பட்ட கண்ணிலோ அதன் சர்க்கரையும் கொழுப்பும் கிருமிக்கு உணவாகக்கூடும். தோலிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் கிருமி சேர்வதும் உண்டு. தேனைப் பற்றியும் கேட்கின்றனர். தேன் கிருமிகளை ஒடுக்கும் ஆற்றல் உடையது என்பது மெய். புண்களுக்குக் கட்டும் மருந்துத் தேனும் சில நாடுகளில் உண்டு. அது கதிர்வீச்சினால் கிருமி நீக்கப்பட்டது. மரத்திலிருந்து எடுத்த பச்சைத் தேனில் கிருமி வித்துகள் உறங்கிக்கிடக்கும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் பல பூசணங்களை ஒடுக்குகின்றது. ஆனால் அது நீரில் கரையாதது, விரைவில் சிதைவது. தட்டில் வென்ற பொருள்கள் பல கண்ணில் தோற்றிருக்கின்றன. மஞ்சள் நீர் கருவிழிப் புண்ணை ஆற்றும் என்பதற்கு மனிதர் கண்ணில் செய்த சோதனையின் சான்று வேண்டும். அது கிடைக்குமளவும் மஞ்சள் சமையலறையிலேயே இருக்கட்டும்.

செடிகொடிகளிலிருந்து வந்த பொருள் எதுவும் இந்நோய்க்குப் பயன்படுவதில்லை என்று கருதிவிடவேண்டாம். அட்ரோபின் என்னும் சொட்டு மருந்தைக் கருவிழிப் புண் கண்டவர்க்குக் கண் டாக்டர்கள் வழங்குகின்றனர். அது கிருமியைக் கொல்வதன்று. கண்ணினுள் இருக்கும் தசையை ஓய்வுறச் செய்து வலியைத் தணிப்பது. அதே இனத்து நச்சுப்பொருள்கள் நம் புறம்போக்கில் வளரும் ஊமத்தையிலும் இருக்கின்றன. ஊமத்தையைக் கையாண்டபின் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்க்குக் கண்மணி விரிந்து, பார்வை மங்கிப்போகும். டாக்டர் விடுவது நூற்றுக்கு ஒரு பங்கு என்று அளந்த துளி. ஊமத்தைச் சாற்றில் எவ்வளவு இருக்கிறது என்பதை எவர் அளந்தார்? செடிக்குச் செடி, இலைக்கு இலை அது மாறுபடும். அளவு தப்பினால் கண்ணோடு போகாமல் சித்தத்தையும் கலக்கும்.

முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது என்று நம் தாய்மார் சொல்வது முற்றிலும் சரி. அதிலிருந்து உடல் ஆக்கிக்கொள்ளும் வைட்டமின் ஏ குறைந்தால் குழந்தைகளுக்குக் கருவிழியே வறண்டு கரைந்துபோகும். ஆனால் அக்கீரை வயிற்றின் வழியாகக் கண்ணுக்குச் செல்லவேண்டியது; சாறாகக் கண்ணில் பிழிவதற்கன்று.

கடையில் வாங்கிய சொட்டு

பெரியவர் கடைச் சரக்கைக் குறை கூறியதில் நியாயம் இருக்கின்றது. அந்த அம்மையார்க்குக் கிடைத்தது ஸ்டீராய்டு கலந்த மருந்து என்று பின்னர் தெரிந்தது. டாக்டர் பார்த்துத் தந்தால் அது பல கண் நோய்களுக்கு உதவும் நல்ல மருந்தே. ஆனால் அதன் தன்மை, உடலின் எதிர்ப்பை அடக்குவது. எதிர்ப்பு அடங்கினால் சிவப்பும் வீக்கமும் வலியும் உடனே தணியும், நோயாளி மகிழ்வார். உள்ளே பூசணம் தடையின்றிப் பரவும். காவற்காரனைத் தூங்கவைத்துவிட்டு ஊர் அமைதியாயிருக்கிறது என்று சொல்வது போன்றது இது. டாக்டரின் சீட்டில்லாமல் கண்ணுக்குச் சொட்டு மருந்து கேட்பதும் கொடுப்பதும் தவறு. "போன தடவை பக்கத்து வீட்டாருக்குக் குணமானது" என்று அதே குப்பியை வாங்கி விடுவது அதனினும் தவறு.

ஆகவே கிராம சபையில் எழுந்த கேள்விக்கு என் விடை இது: பூச்சாறும் கெடுத்திருக்கக்கூடும், கடை மருந்து கெடுத்தது உறுதி. இவ்விரண்டினும் மேலாகக் கெடுத்தது, இழந்த பத்து நாள்.

பதினெட்டு மணி நேரம்

கால தாமதம் எவ்வளவு கேடு செய்கிறது என்பதற்கு நேபாள நாட்டில் நடந்த ஒரு முயற்சி தெளிவான கணக்கைத் தருகின்றது. காத்மாண்டுவை அடுத்த பக்தபூர் மாவட்டத்தில் 34,902 மக்களை இரண்டு ஆண்டுகள் கண்காணித்தனர். கண்ணில் எது விழுந்தாலும், எது குத்தினாலும் உடனே வரும்படி மக்களுக்குச் சொல்லி, பயிற்சி பெற்ற கிராம ஊழியர்களை அங்கங்கே அமர்த்தினர். கருவிழியில் கீறல் இருப்பதாக உறுதியான 442 பேர்க்கும் குளோராம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்று முறையாக மூன்று நாள் இட்டனர். காரகாஸ் வயல் மண்ணில் பிறந்ததென்று மேலே கூறினேனே, அதே மருந்துதான். நூற்றுக்கு ஒரு பங்கு உடைய களிம்பு.

காயம் பட்ட 18 மணி நேரத்திற்குள் வந்தவர்கள் 284 பேர். அவருள் ஒருவர்க்கும் புண் வரவில்லை. 18 மணிக்கு மேல் 24 மணிக்குள் வந்த 109 பேரில் 4 பேர்க்குப் புண் வந்தது. 24 முதல் 48 மணிக்குள் வந்த 49 பேரில் 14 பேர்க்கு வந்துவிட்டது. மருந்து ஒன்றே, இட்ட முறையும் ஒன்றே. நேரம் மட்டும் வேறு. 2001-இல் வெளியான இக்கணக்கை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். நம் அம்மையார் இழந்தது எத்தனை மணி நேரம் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. மதுரை மாவட்டக் கிராமங்களிலும் ஊர்த் தொண்டர்களைக் கொண்டு இத்தகைய முறை நடத்தப்பட்டு, 2006-இல் வெளியான அதன் முடிவுகளும் நம்பிக்கையளித்தன. பூசணத்தால் வரும் புண்ணையும் கிராம அளவிலேயே தடுக்கலாம் என்பது அதனால் விளங்கிற்று.

குளோராம்பெனிகால் பூசணக்கொல்லி அன்று, பாக்டீரியாவைத்தான் ஒடுக்கும். மூன்று நாள் களிம்பு, கீறல் மூடும்வரை காவல் நிற்கும் ஏற்பாடு. புண் வந்தபின் அது போதாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

களிம்பை வாங்கி ஊராட்சி அலுவலகத்தில் வைத்து விநியோகிக்கலாமே என்று தலைவர் ஒருவர் என்னைக் கேட்டார். எண்ணம் நல்லது, ஆனால் கீறலா புண்ணா என்று பார்த்தறியத் தெரிந்தவர் கையில்தான் மருந்து இருக்கவேண்டும். அறுவடை தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் பேசி, கண்ணுக்குரிய களிம்பு இருப்பில் உள்ளதா, கிராம சுகாதாரச் செவிலியர் எந்த நாளில் எந்த ஊரில் இருப்பார், கண் டாக்டர் உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்பவற்றைக் கேட்டு, நெல் கொள்முதல் நிலையத்திலும் களத்தருகிலும் எழுதி ஒட்டுவது பஞ்சாயத்தால் இயலும். ஜனவரி 26-ஆம் நாள் கிராம சபை அறுவடைக் காலத்தில் கூடுவது நமக்கு வாய்ப்பாக அமைந்திருக்கின்றது.

அறுவடைக் கூலிக்கு வரும் பெண்கள் பாதி நாளில் வேலையை விட்டுப் போகத் தயங்குவதே தாமதத்திற்கு முதற்காரணம். நில உடைமையாளர்கள் இதைச் சற்று எண்ணவேண்டும். கண்ணில் உமி விழுந்தவரை அரை நாள் கூலியோடு அனுப்புவதால் ஒருவரும் ஏழையாகிவிடமாட்டார். கண்ணாடி அணிந்து வேலை செய்யும்படி நான் பல இடங்களில் சொல்லிப் பார்த்தேன். வியர்வையில் மங்குகிறது என்று கழற்றிவிடுகின்றனர், அதுவும் உண்மைதான். தூற்றும்போதும், அறுவடை இயந்திரத்தின் பின்னே நிற்கும்போதுமாவது அணியலாம். அந்நேரத்தில்தான் தூசு அதிகம்.

கண்ணில் ஏதேனும் விழுந்தால் கசக்கலாகாது. தூய குடிநீரைத் தாராளமாக விட்டு அலம்பலாம். குளத்து நீரும் வாய்க்கால் நீரும் கூடா, அவற்றில் வேறு கிருமிகள் உண்டு. நாக்கால் எடுப்பதும், சேலைத் தலைப்பால் துழாவுவதும், வாயால் ஊதுவதும் வேண்டாம். அலம்பியும் உறுத்தல் நின்றால், குத்திய பொருள் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைப் பிடுங்காமல் அப்படியே டாக்டரிடம் செல்லவேண்டும். கண்ணைத் துணியால் இறுகக் கட்டுவதால் கிருமிக்கு வெப்பமும் ஈரமும் கிடைக்கும். வலி, நீர் வடிதல், வெளிச்சம் பார்க்கக் கூசுதல், கருவிழியில் வெண்புள்ளி, இவற்றுள் ஒன்று இருந்தாலும் மறுநாள் என்று தள்ளலாகாது.

பூசணப் புண் உறுதியாகி நாட்டமைசின் கொடுக்கப்பட்டால், தொடக்க நாள்களில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் விடவேண்டியிருக்கும். சிலர்க்கு இரவிலும் விடும்படி சொல்வார்கள். தனியே இருப்பவர்க்கு இது இயலாத காரியம்; அண்டை வீட்டார் முறை வைத்து உதவலாம். நீரில் கரையாத மருந்தாதலின் ஒவ்வொரு முறையும் குப்பியை நன்றாகக் குலுக்கவேண்டும். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்க, வெறும் நீரே கண்ணில் விழும். இமையின் மேல் வெள்ளையாகப் படிவது மருந்தின் துகள், கிருமியன்று. சிகிச்சை பல வாரங்கள் நீளும். வலி நின்றது கண்டு தாமே நிறுத்திக்கொண்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியவர்கள் உண்டு. குப்பியின் முனை கண்ணிலோ கையிலோ படலாகாது. ஒருவர்க்குத் தந்ததை மற்றொருவர்க்கு விடலாகாது. திறந்த தேதியை அதன்மேல் எழுதி, டாக்டர் சொன்ன காலத்திற்கு மேல் மீந்திருந்தால் எறிந்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ள வேண்டும்.